நன்றி என்னும் வாடகை

வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவரின் கையில் இருக்கும் காகிதங்கள் அநேகமாக எல்லாமே அவருடைய வேலை நேரத்தைப் பற்றியவை. ஜெர்மனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் சேர்கிறவரின் ஒப்பந்தத்தில் எதைக் கற்க வேண்டும், என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிய வேண்டும், நாளுக்கு எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு பணம், எத்தனை நாள் விடுப்பு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் போகிறவருக்கு டிஎஸ்-7002 என்று ஒரு படிவம் உண்டு. பயிற்சியின் நோக்கம் என்ன, மேற்பார்வையாளர் யார், எந்தத் திறன் எப்படிச் சொல்லித்தரப்படும் என்று நிரப்பி, மாணவரும் நிறுவனமும் ஸ்பான்சரும் அதில் கையெழுத்திட வேண்டும். மாலையில் அவர் திரும்பிப் போகிற ஹோஸ்ட் குடும்பத்தின் வீட்டைப் பற்றி இந்தக் காகிதங்கள் பேசுவதில்லை. அந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குளிக்கலாம், ராத்திரியில் சமைக்கலாமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கலாமா என்பவை பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தை நன்றியுணர்வு நிரப்புகிறது. தங்க இடம் கொடுத்தார்களே என்ற எண்ணத்தில் மாணவர் ஒவ்வொரு நாளும் எதையோ விட்டுக்கொடுக்கிறார், எதையோ கூடுதலாகச் செய்கிறார், எதையோ கேட்காமல் இருக்கிறார். அதுவும் வாடகைதான்; தொகை குறிக்கப்படாததால் எவ்வளவு கட்டினாலும் தீராத வாடகை. அதை வெளிப்படையாகப் பேசி அளவிட்டுக்கொள்கிற வீடே மாணவருக்கும் குடும்பத்துக்கும் நல்லது என்று நான் நினைக்கிறேன். அன்பைக் குறைக்கும் யோசனையாக இது தோன்றலாம். அன்புக்கு இடம் விடுவதற்கு இதைத் தவிர வேறு வழி இல்லை என்பதுதான் என் வாதம்.

அந்த அன்றாடம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மானியக் குடும்பம் ஒன்றில் தங்கும் இந்திய மாணவரை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்திலும் காலையில் ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் சூடேற்றிய அறையின் சுவரில் பூஞ்சை பிடிக்கும். குப்பையில் காகிதம் ஒரு தொட்டிக்கு, பிளாஸ்டிக் உறை இன்னொன்றுக்கு, சமையல் கழிவு மற்றொன்றுக்கு. கண்ணாடிப் பாட்டில்களை நிறம் பிரித்துத் தெருவிலுள்ள கொள்கலனில் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது. தண்ணீர் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. ஞாயிறு முழுவதும் துளைபோடும் கருவியைத் தொடக்கூடாது. ராத்திரிச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டியும் சீஸும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும் ஊறவைத்த வெள்ளரியும்தான். சூடான சாப்பாடு மதியத்தோடு முடிந்துவிடும். இவற்றில் எதுவும் கடினமில்லை. சொல்லிக்கொடுத்தால் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் அடுக்ககப் படிக்கட்டைக் கூட்டும் முறை யாருடையது என்று காட்ட, அந்த வாரத்துக்குரியவர் கதவில் ஒரு சிறு பலகையை மாட்டும் பழக்கம் இருக்கிறது. பேராசிரியர் வீடானாலும் பயிற்சி மாணவர் தங்கும் வீடானாலும் பலகை வந்தால் கூட்ட வேண்டியதுதான். புதிதாக வந்த வெளிநாட்டவர் அந்தப் பலகையைக் கண்டு முதலில் மிரளலாம். ஆனால் அது ஒருவரையும் சிறுமைப்படுத்துவதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே பலகை, ஒரே வாரம்.

சொல்லப்படாதவைதான் மாணவரைக் களைக்கச் செய்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருக்கும் சீஸை எடுத்துச் சாப்பிடலாமா? கடுகு தாளித்த வாசனை திரைச்சீலையில் நிற்கும் என்று அவர்கள் நினைப்பார்களா? சாப்பிட்டதும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மனம் நோகுமா, கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இடைஞ்சலா? ஊரில் இரவு பத்தரை மணிக்கு அம்மா தொலைபேசியில் வரும்போது ஜெர்மனியில் அது மாலை, குடும்பம் மேஜையில் கூடும் நேரம், எழுந்து போகலாமா? சனிக்கிழமை தோட்டத்து இலைகளை எல்லாரும் கூட்டும்போது சேர்ந்துகொள்வது விருப்பமா கடமையா? கடைசிக் குழந்தை சதுரங்கப் பலகையை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து நிற்கிறது. அது பாசத்தோடு வந்ததா, பெற்றோருக்கு ஒரு மணி நேர ஓய்வு தேவைப்பட்டு அனுப்பப்பட்டதா? ஒவ்வொரு கேள்வியும் அற்பம். ஒரு நாளில் இருபது முறை எழுந்தால் அது அற்பமில்லை. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அந்நிய மொழியில் உழைத்தவர், வீட்டுக்கு வந்து தன் முகத்தையும் குரலையும் நடையையும் கண்காணிக்கும் இரண்டாவது வேலையைத் தொடங்குகிறார். சொந்த வீட்டில் ஒருவர் சலிப்போடு இருக்கலாம். இங்கே சலிப்புகூட நன்றிகெட்டதனமாகத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கிறது.

இந்த மறைவான வாடகையைக் கணக்கெழுதிப் பார்த்த மாணவர்களில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். 1888இல் சட்டம் படிக்க லண்டன் போன மோகன்தாஸ் காந்தி போன புதிதில் ஒரு நண்பரோடு தங்கினார். அங்கே இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சப்பட்டு அரைப்பட்டினி கிடந்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு மேற்கு கென்சிங்டனில் விதவை ஒருவரின் வீட்டில் வாரக் கட்டணத்துக்குத் தங்கினார். அசைவம் தொடாத இளைஞருக்கு என்ன சமைப்பது என்று அந்த அம்மையாருக்குத் தெரியவில்லை. அவருடைய இரண்டு மகள்கள் கூடுதலாக ஒரு துண்டு ரொட்டியைப் பரிவோடு வைப்பார்கள். முழு ரொட்டி தின்றால்தான் அந்த வயிறு நிறையும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே பரிவு இருந்தது, கட்டணமும் இருந்தது. இன்ன அளவு உணவு இவருக்கு உரியது என்ற பேச்சு மட்டும் இருக்கவில்லை. இதைவிட முக்கியமானது அவர் பிறகு எழுதிய செலவுக் கணக்கு. குடும்பத்தோடு வாழ்வதென்றால் வாரப் பணம் மட்டுமில்லை. வீட்டாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்லும் மரியாதை, அவர்களோடு போய்வரும் வண்டிச் சத்தம், வெளியே சாப்பிட்ட நாளிலும் கழிக்கப்படாத சாப்பாட்டுப் பணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது என்பதை அவர் கண்டார். தனி அறை பார்த்துக்கொண்டு போனார், நடந்தே திரிந்தார், பின்னாளில் ஒற்றை அறையில் தானே காலை உணவு சமைத்தார். காந்தியின் சிக்கனத்துக்கு உதாரணமாக இந்தப் பகுதியைச் சொல்வது வழக்கம். ஹோஸ்ட் குடும்பப் பொருளாதாரத்தைத் தெளிவாக ஆராய்ந்த ஆரம்பகால எழுத்துகளில் ஒன்றாகவும் அதை வாசிக்கலாம். கட்டணம் செலுத்தினால் நன்றிக்கடன் தீர்ந்துவிடும் என்ற எளிய முடிவை அது தகர்க்கிறது. மரியாதைக்கு அளவு குறிக்காதவரை, பணம் கொடுத்தாலும் மிச்சம் கடன்தான்.

ஹோஸ்ட் குடும்பம் என்ற ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டில் கொடையாகத்தான் வளர்ந்தது. 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் ஓர் இளைஞர் குழுவை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய்த் தொடங்கிய முயற்சி, ஓட்டல்களில் சுற்றுலாப் பயணியாக இருப்பதைவிடக் குடும்பங்களோடு வாழ்வதே ஒரு நாட்டை அறியும் வழி என்ற கொள்கையாக உருப்பெற்றது. முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பான ஏஎஃப்எஸ், இரண்டாம் போரிலும் காயம்பட்டவர்களைச் சுமந்த பிறகு, 1947இல் பள்ளி மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. சண்டையிட்ட நாட்டின் பிள்ளை தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அடுத்த போர் கடினமாகும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. போரின் கோரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களின் நம்பிக்கை அது. அதை மதிக்காமல் இந்தப் பொருளைப் பற்றி எழுத முடியாது. அந்தக் குடும்பங்கள் பணம் வாங்கவில்லை. அமெரிக்க வரிச்சட்டம் இன்றும் அந்த மரபை வைத்திருக்கிறது. தகுதியுள்ள அமைப்பின் மூலம் பள்ளி மாணவரைத் தங்கவைக்கும் குடும்பம் மாதம் 50 டாலர்வரை நன்கொடையாகக் கணக்குக் காட்டலாம். அதாவது அந்த அரசின் ஏட்டில் வெளிநாட்டு மாணவருக்குப் போட்ட சோறு தர்மம். பிரிட்டனின் ஏடு வேறுவிதமாகப் பேசுகிறது. அங்கே தன் வீட்டு அறையை மேஜை நாற்காலியோடு வாடகைக்கு விடுகிறவர் ஆண்டுக்கு 7500 பவுண்டுவரை வரியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். மொழி படிக்க வரும் மாணவர்களை வைத்திருக்கும் குடும்பங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. ஒரே மேஜை, ஒரே சாப்பாடு. ஓர் அரசு அதைக் கொடை என்கிறது, இன்னோர் அரசு வருமானம் என்கிறது. மாணவர் இரண்டில் எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதை அறியாமலே நுழைகிறார் என்பதுதான் சிக்கல்.

பயிற்சி மாணவரின் நிலை பள்ளி மாணவரின் நிலையிலிருந்து வேறுபட்டது. அவர் வயது வந்தவர். நாட்டை அறிவதற்காக மட்டும் அவர் வரவில்லை, வேலை பழக வந்திருக்கிறார். ஜெர்மனியில் 2015 முதல் நடைமுறையில் உள்ள குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியான இன்டர்ன்ஷிப்புக்கும் மூன்று மாதம்வரையிலான சில வகைப் பயிற்சிகளுக்கும் பொருந்தாது. ஆகவே கையில் வருவது சொற்பம். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ வீடு கொடுக்க வாடகைச் சந்தையில் ஆள் கிடைப்பது அரிது. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும், வங்கிக் கணக்கு முதல் எத்தனையோ காரியங்களுக்கு அந்தப் பதிவு வேண்டும். குடும்பத்தின் கதவு திறக்கவில்லையென்றால் பயிற்சியே இல்லை என்ற நிலையில்தான் அவர் அந்தப் படியேறுகிறார். இத்தனை தேவையோடு வருகிறவர் இரண்டாம் நாளே உட்கார்ந்து எனக்கு என்ன உரிமை என்று கேட்கமாட்டார். அமெரிக்காவில் பள்ளி மாணவருக்கான ஜே-1 திட்டத்தில் ஹோஸ்ட் வீட்டிலுள்ள பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, மாதந்தோறும் நிலைமை விசாரிக்க ஆள் உண்டு. பயிற்சி மாணவர் பெரியவர் என்பதால் இந்தக் காவல் அவருக்கு இல்லை. ஆனாலும் வீட்டுக்குள் அவரைப் பெரியவராக நடத்தும் பழக்கம் வந்துவிடவில்லை. இரவு எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்வி அவரிடமும் கேட்கப்படுகிறது, அக்கறையோடுதான். பெண்ணாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கேட்கப்படுகிறது.

குடும்பத்தில் ஒருத்தி என்ற வாக்கு எங்கெல்லாம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓபேர் ஏற்பாட்டின் வரலாறு சாட்சி. வெளிநாட்டு இளைஞர் ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே மொழி கற்கும் முறை அது. பயிற்சி மாணவரின் நிலைக்கு மிக அருகில் உள்ளதும், எழுதப்பட்ட விதிகள் நிறைய உள்ளதும் அதுதான். 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முகவுரையே, இவர்கள் மாணவரும் இல்லை தொழிலாளரும் இல்லை, இரண்டின் கூறுகளும் கொண்ட தனி வகை என்று ஒப்புக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றாக எழுதுகிறது: இரு தரப்பின் உரிமையும் கடமையும் எழுத்தில் இருக்க வேண்டும், இயன்றால் தனி அறை, வீட்டுவேலை பொதுவாக நாளுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, மொழி வகுப்புக்குப் போக நேரம், கைச்செலவுக்குப் பணம். அமெரிக்காவில் 1986இல் இந்த ஏற்பாடு கலாசாரப் பரிமாற்றத்தின் கீழ் வந்தது. அங்கே வாரம் 45 மணி நேரம்வரை குழந்தை வளர்ப்பு, அதற்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக 195.75 டாலர் என்பது பல ஆண்டுகள் நின்ற கணக்கு. 7.25 டாலர் மத்தியக் குறைந்தபட்ச ஊதியத்தை 45ஆல் பெருக்கி, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாற்பது விழுக்காட்டைக் கழித்தால் சென்ட் பிசகாமல் இந்தத் தொகை வரும். அன்பால் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட அறைக்கும் சோற்றுக்கும் ஒரு விலை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஏஜென்சிகள் கூடிப்பேசி இந்தத் தொகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டன என்று 2014இல் டென்வரில் வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஜனவரியில் 15 ஏஜென்சிகள் 6.55 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன. வழக்குப் போட்டவர்கள் குழந்தைகளை வெறுத்தவர்கள் இல்லை. பலரும் தாங்கள் வளர்த்த குழந்தைகளை நேசித்திருப்பார்கள். அந்த நேசத்தைக் காட்டியே மணிக்கணக்கு மறைக்கப்பட்டது என்பதுதான் குறை.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். நார்வே 1969 ஒப்பந்தத்தை ஏற்ற நாடு; விதிகளை எழுதிவைத்திருந்த நாடு. அப்படியிருந்தும், கலாசாரப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான வீட்டுவேலையே நடக்கிறது என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகள் தொடர்ந்து, 2024 மார்ச்சில் அந்த நாடு ஓபேர் அனுமதியையே நிறுத்திவிட்டது. எழுதிவைத்து என்ன பயன்? நேர்மையான கேள்வி. எழுத்து தானாக எதையும் காக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதை நம்பி வெளியேற வழியும், முறையிட இடமும் இருந்தால்தான் அதற்கு உயிர். ஓபேர் பெண்ணின் குடியிருப்பு அனுமதி அந்த வீட்டு வேலையையே ஒட்டியிருந்தது; வீட்டை இழந்தால் நாட்டில் இருக்கும் காரணத்தையும் இழக்கும் அபாயம். பயிற்சி மாணவரின் அனுமதி நிறுவனத்தையோ பல்கலைக்கழகத்தையோ சார்ந்தது. அவர் வீட்டை மாற்றிக்கொண்டு பயிற்சியைத் தொடர முடியும். ஆகவே எழுத்து பலிக்கும் வாய்ப்பு அவருக்குக் கூடுதல். நார்வேயின் அனுபவம் எனக்குச் சொல்வது, வீட்டுக்கு வெளியே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை.

எழுதியும் அன்பாக இருக்க முடியுமா என்பதற்கு ஜெர்மனியிலேயே விடை இருக்கிறது. கொலோன், ம்யூனிக், ஃப்ரைபுர்க் போன்ற பல்கலைக்கழக நகரங்களில் உதவிக்குப் பதிலாகத் தங்கும் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. தனியாக இருக்கும் முதியவரோ குழந்தைகளுள்ள குடும்பமோ மாணவருக்கு அறை கொடுக்கும். வாடகை பணமாக இல்லை. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேர உதவி. பதினைந்து சதுர மீட்டர் அறையென்றால் மாதம் பதினைந்து மணி நேரம் தோட்ட வேலை, கடைக்குப் போய்வருவது, கணினியில் உதவி, கூட உட்கார்ந்து பேசுவது. மின்சாரம், தண்ணீர், சூடேற்றும் செலவுக்கு மட்டும் தனியாகப் பணம். நோயாளியைக் குளிப்பாட்டுவது போன்ற பராமரிப்பு வேலை இந்தக் கணக்கில் வராது, கேட்கவும் கூடாது. கேட்பதற்கு இது கறாராக இருக்கிறது. ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பதினைந்து மணி நேரம் முடிந்த பிறகு அந்த மாணவர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிழவியோடு உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் பார்த்தால், அது கொடுக்கல் வாங்கலுக்கு வெளியே நிகழ்கிறது. இருவருக்கும் அது தெரியும். கணக்கே இல்லாத வீட்டில் அதே மாணவர் அதே புகைப்படங்களைப் பார்த்திருந்தால், அது பிரியமா கடன் அடைப்பா என்று அவருக்கே தெரியாது. அளவு குறிக்காத இடத்தில் எதுவும் அதற்கு மேற்பட்டதாக இருக்க முடியாது. கொடையைக் கொடையாக அறிய ஓர் எல்லைக்கோடு வேண்டும்.

இந்தக் கணக்குப் பேச்சே விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று நம்மில் பலருக்குத் தோன்றும். சோறு போட்டவரிடம் விதி கேட்பதா, வந்தவரிடம் விதி சொல்வதா? ஆனால் நம் பழமொழியே விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று காலம் வைத்திருக்கிறது. நம் முன்னோர் விருந்தோம்பலை எல்லையற்றதாக வைத்திருந்தார்கள் என்பது பின்னால் வந்த கற்பனை. நான்காம் நாளிலிருந்து வந்தவர் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். பெரியப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கி நகரத்தில் படித்த தலைமுறைக்கு இது புதிதில்லை. ரேஷன் வரிசை, பால் வாங்குவது, சின்னப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் படிப்புக்கு நடுவே நடந்தன. அந்த உறவுகளில் சில வாழ்நாள் முழுக்க இனித்தன; வேறு சிலவற்றில், உன்னை நான் படிக்கவைத்தேன் என்ற ஒரு வாக்கியம் முப்பது ஆண்டு கழித்துக் கல்யாணப் பந்தலில் வெடித்தது. அளவு பேசாத கடன் வட்டியோடு திரும்பி வந்ததைத்தான் அங்கே பார்த்தோம். ரத்த உறவே தாங்காத பாரத்தை, மொழி தெரியாத அந்நியரின் உறவு தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சொல்லாத விதி விருந்து படைப்பவரையும் காயப்படுத்தும் என்பதற்குக் கணித மேதை ராமானுஜன் ஓர் உதாரணம். கேம்பிரிட்ஜுக்கு 1914இல் வந்ததும் அவர் முதலில் தங்கியது நெவில் என்ற தம்பதியின் வீட்டில். சில வாரங்களில் ட்ரினிட்டி கல்லூரி விடுதிக்கு மாறித் தானே சமைத்துக்கொண்டார். ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. ராமானுஜன் தன் அறையில் இந்திய நண்பர்கள் சிலருக்கு விருந்து வைத்தார். ரசம் பரிமாறினார், மறுமுறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை ஊற்றப்போனபோது வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, பணம் அனுப்பும்படி அவருடைய தந்தி வந்தது. தான் பரிமாறியதை அவர்கள் மறுத்ததில் அவர் அவமானப்பட்டுக் கிளம்பிப் போயிருந்தார். வந்தவர்கள் வயிறு நிறைந்ததைச் சொன்னார்கள். படைத்தவர் அதில் நிராகரிப்பைக் கேட்டார். எல்லாருமே ஒரே நாட்டவர், எல்லாருமே நல்லெண்ணம் உடையவர்கள், அப்படியும் இது நடந்தது. ஜெர்மானிய மேஜையில் இந்திய மாணவர் இரண்டாம் துண்டு ரொட்டியை மரியாதைக்காக மறுக்கிறார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும் வீட்டுத்தலைவி தட்டை எடுத்து வைத்துவிடுகிறார். மாணவர் பசியோடு படுக்கிறார், வீட்டுத்தலைவியோ இந்தப் பையனுக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வருந்துகிறார். உண்மையில் அந்தக் குடும்பமும் தன் பங்குக்கு மறைவான வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தன் சமையலறையில் தானே தயங்கி நுழைவது, குழந்தைகளை அதட்டும்போது குரலைத் தாழ்த்துவது, விருந்தாளி இருக்கிறார் என்பதற்காகக் கணவனும் மனைவியும் சண்டையை ஒத்திப்போடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். இந்தப் பாரத்தில் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணின் தோளில் விழுகிறது, அவரும் வேலைக்குப் போய் வருகிறவராகவே இருப்பார்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு இன்னொன்று. இந்தத் தடுமாற்றம்தானே படிப்பு? எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்நிய வீட்டில் வாழ்ந்து ஒருவர் எதைக் கற்பார்? ஒரு குடும்பத்தின் மௌனத்தை வாசிக்கப் பழகுவது, தவறிப்போய்த் திருத்திக்கொள்வது, சிரிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் எந்த அலுவலகமும் தராத பயிற்சி. உண்மை. ஆனால் கற்றலுக்குரிய சிரமம் வேறு, கூரை போய்விடுமோ என்ற பயம் வேறு. பயத்தில் இருப்பவர் கேள்வி கேட்கமாட்டார். மாற்றுக் கருத்தைச் சொல்லமாட்டார். அகதிகளைப் பற்றியோ தன் நாட்டைப் பற்றியோ மேஜையில் வரும் தவறான பேச்சைத் திருத்தமாட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் விருந்தாளியிடமிருந்து அந்தக் குடும்பமும் எதையும் கற்பதில்லை. டொனால்ட் வாட்டும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் கனவு கண்ட பரிமாற்றம் நடக்க வேண்டுமானால் மேஜையின் இரண்டு பக்கமும் மறுத்துப் பேசும் தைரியம் வேண்டும். அறை தன்னுடையது, இன்ன தேதிவரை தன்னுடையது என்ற நிச்சயத்திலிருந்துதான் அந்தத் தைரியம் பிறக்கிறது. மௌனத்தை வாசிக்கும் பயிற்சிக்கு அதற்குப் பிறகும் வேண்டிய அளவு இடம் இருக்கும். எந்தத் தாளும் ஒரு வீட்டின் எல்லாப் பழக்கத்தையும் அடக்கிவிடாது.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். மாதத்துக்கு எவ்வளவு, அதில் எந்தெந்தச் சாப்பாடு சேர்ந்தது, சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா, சமையலறை எந்த நேரம் யாருடையது, குழந்தையைக் கவனிப்பது உண்டா, உண்டென்றால் வாரத்தில் எத்தனை மணி நேரம், அறைக்குப் பூட்டு உண்டா, ஒத்துவராவிட்டால் எத்தனை நாள் முன்னறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம் என்பவை. நோயைப் பற்றிய விதி எதையும்விட அவசியம். காய்ச்சலில் படுத்திருக்கும் அந்நியருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது குடும்பத்தின் பொறுப்பா என்ற கேள்வி எழும்போது இரு தரப்பும் பேசும் நிலையில் இருக்கமாட்டார்கள். ஓபேர் பெண் நோயுற்றால் மாற்று ஏற்பாடு ஆகும்வரை குடும்பம் தங்க இடமும் உணவும் தந்து கவனிக்க வேண்டும் என்று 1969 ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. பயிற்சி மாணவருக்கும் அப்படியே எழுதலாம். இந்தத் தாளை மாணவர் கேட்டு வாங்க வேண்டும் என்று விட்டால் நடக்காது, அவரால் கேட்க முடியாது என்பதுதானே மொத்தப் பிரச்சினையும். குடும்பத்தின் பொறுப்பாக விட்டாலும் அவர்களுக்குச் சங்கடம். பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பல்கலைக்கழகமும் நிறுவனமும், வீடு பார்த்துக் கொடுக்கும் அமைப்பு இருந்தால் அதுவும், இதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமாகச் சேர்க்க வேண்டும். முதல் மாத முடிவில் இரு தரப்பையும் தனித்தனியாக அழைத்து விசாரிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். மாணவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பக்கம் அவர் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வேண்டாம் என்று சொல்லவும் வேறு வீடு கேட்கவும் அவருக்கு நேரம் இருக்கும்.